கணக்கு எழுதி வைத்த அன்பு

வாசகர் ஒருவரின் கேள்வி, 8 மார்ச் 2025

"வலிக்காத அன்பு தியாகம் ஆகாது. சிலுவை வலித்தது. நாமோ நம் வசதிக்கு ஒரு குறையும் வராமல் அன்பு காட்டிவிட்டு, அதற்குக் கிறிஸ்தவ அன்பு என்று பேர் வைத்துக்கொள்கிறோம். எவ்வளவு வலித்ததோ அவ்வளவுதான் அன்பு. மறுக்கிறவர்கள் சொல்லுங்கள்."

9 மார்ச், இரவு 10.15

பாதி மறுக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்து அதன் பல்லைப் பிடுங்கிவிட்டோம். மூன்றாம் வசனத்தை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள்: "எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும், என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை." உடம்பு எரிவதைவிட வலிக்கிற காரியம் என்ன இருக்கிறது? அதையும் செய்து முடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்க முடியும் என்கிறார் பவுல். அப்படியானால் வலியும் அன்பும் வேறு வேறு சரக்கு. ஒன்றைத் தட்டில் வைத்து மற்றதை எடை போட முடியாது.

மறுக்காத பாதி இயேசு சொன்னது: "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." இதை வலிக்காமல் செய்ய வழி கிடையாது. ரோமர் 5-ம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்லவனுக்காகச் சாவதற்காவது ஒருவேளை ஒருவன் துணிவான், நாம் சத்துருக்களாக இருக்கையிலேயே அவர் மரித்தார் என்கிறது.

சொந்தக் கதை ஒன்று. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூன்று வருஷம் படுக்கை. நான்தான் பார்த்துக்கொண்டேன். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து. வலியைப் பற்றி என் முதுகு நிறையவே பேசும். அதில் அன்பு எத்தனை நாள், எரிச்சல் எத்தனை நாள் என்று கேட்டால் முதுகு பதில் சொல்லாது.

9 மார்ச், இரவு 10.40

வலிதான் அளவுகோல் என்றால் பல்வலிக்காரன்தான் பரிசுத்தவான். சரி, தூங்கப் போகிறேன்.

11 மார்ச், காலை 6.20

கோல்பேயின் பேரை யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், எடுத்துவிட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1941 ஜூலை கடைசி. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டான். தண்டனையாகப் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் சாகும்வரை நிலவறையில் அடைக்க உத்தரவு. பொறுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஃப்ரான்சிஷெக் கயோவ்னிசெக், போலந்துப் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் சொல்லிக் கதறினார். அப்போது வரிசையை விட்டு ஒருவர் முன்னால் வந்தார். மாக்சிமிலியன் கோல்பே, பிரான்சிஸ்கன் சபைக் குரு, வயது 47, கைதி எண் 16670. இந்த மனிதருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது வரிசையை விட்டு வெளியே வைத்த அந்த ஓர் அடியை. அங்கே உத்தரவில்லாமல் அசைந்தாலே சுட்டுவிடலாம். அந்த அடியை வைப்பதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்? அதற்கு நேரமே இருந்திருக்காது. கணக்குப் போட்டிருந்தால் கால் நகர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே காசநோயில் பாதி போன நுரையீரல் அவருக்கு. "நான் எப்படியும் பிழைக்கப்போவதில்லை, இவராவது பிழைக்கட்டும்" என்று லாபநஷ்டம் பார்த்துத்தான் போனார் என்று சொல்கிறவர்களும் உண்டு. போகட்டும், அப்படிப் பார்த்தே போனார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கையும் வேறு யாரும் போடவில்லையே.

பத்துப் பேரும் பட்டினியிலேயே செத்தார்கள்.

12 மார்ச், இரவு 9.05

இரண்டு திருத்தங்கள்.

ஒன்று: நேற்றைய கடைசி வரி தப்பு. இரண்டு வாரம் கழிந்தும் கோல்பேயோடு சேர்த்து நாலு பேருக்கு உயிர் இருந்தது. அறையைக் காலி செய்வதற்காக 1941 ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள். திருத்தியவருக்கு நன்றி.

இரண்டு: "நான்தான் பார்த்துக்கொண்டேன்" என்று 9-ம் தேதி எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, "அந்த 'தான்' எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டோம். போதுமா? போதாது என்கிறது அவள் முகம்.

16 மார்ச், மதியம்

"அகாபே என்றால் தியாக அன்பு, ஃபிலியா என்றால் நட்பு, ஈரோஸ் என்றால் காமம், கிரேக்கத்தில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்" என்று ஒருவர். ஐயா, இதையே நானும் வாலிபர் கூட்டங்களில் பத்து வருஷம் விற்றேன். கரும்பலகையில் கோடு கிழித்து, ஆளுக்கொரு கட்டம் போட்டு. கேட்கிறவர்கள் குறிப்பெடுப்பார்கள். ரொம்ப சௌகரியமான சரக்கு.

கெடுத்தவன் தேமா. "தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து" போனான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறாரே, அந்த "ஆசைவைத்து" கிரேக்கத்தில் அகாபே குடும்பத்துச் சொல்தான். பவுலை நட்டாற்றில் விட்டுப் போனவனுக்கு உலகத்தின்மேல் இருந்தது அகாபே! இன்னும் மோசம், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த அதிகாரத்தில், அவளை முன்பு எவ்வளவு விரும்பினானோ அதைவிட அதிகமாக வெறுத்தான் என்கிற இடத்திலும் இதே சொல். யோவானிலோ பிதா குமாரனை நேசிக்கிறார் என்பதற்கு 3-ம் அதிகாரத்தில் அகாபே குடும்பத்துச் சொல், 5-ம் அதிகாரத்தில் ஃபிலியா குடும்பத்துச் சொல். பிதா இரண்டு அதிகாரத்துக்குள் அன்பைக் குறைத்துக்கொண்டாரா என்ன?

சொல்லுக்குள் தியாகம் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. யோவானின் முதல் நிருபம் அகராதி பக்கமே போகாமல் ஓர் ஆளைக் காட்டுகிறது: "அவர் தம்முடைய ஜீவனை நமக்காகக் கொடுத்ததினாலே அன்பு இன்னதென்று அறிந்திருக்கிறோம்." நாமும் ஜீவனைக் கொடுக்கக் கடனாளிகள் என்று உடனே நம்மையும் இழுத்துவிடுகிறது. சரி, பெரிதாக எதையோ கேட்கப்போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போனால், உலக ஆஸ்தி உள்ளவன் சகோதரனுக்குக் குறைச்சல் இருப்பதைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால் என்னாவது என்று கேட்கிறார். ஜீவனில் தொடங்கிப் பணப்பையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் கிழவர். உயிரைத் தரத் தயார் என்று சாட்சி சொல்கிறவனிடம் கைமாற்று கேட்டுப் பாருங்கள்.

16 மார்ச், மாலை

கரும்பலகையில் அன்று குறிப்பெடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

23 மார்ச், இரவு 11.30

ஓர் அக்கா எனக்கு மட்டும் எழுதியிருந்தார். பொதுவில் சொல்லலாம், பேர் வேண்டாம் என்றார். கணவர் கைநீட்டுகிறவர். போதகரிடம் சொல்லப் போனபோது, "உங்கள் சிலுவையை நீங்கள்தான் சுமக்க வேண்டும், உங்கள் பொறுமையைப் பார்த்து அவர் மனந்திரும்புவார்" என்று ஜெபித்து அனுப்பிவிட்டாராம். பதினோரு வருஷம் ஆகிறது. "இது தியாக அன்பா தம்பி?" என்று கேட்கிறார்.

இல்லை அக்கா. இதில் பாதி மறுப்பெல்லாம் கிடையாது.

"ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று இயேசு சொன்னது யோவான் 10-ல். கொடுத்தால்தான் அது பலி. பிடுங்கிக்கொண்டால் அதற்குப் பேர் திருட்டு. அதே சுவிசேஷத்தில் அவர்மேல் எறியக் கல்லை எடுத்தபோது மறைந்து தேவாலயத்தை விட்டுப் போய்விட்டார். பிடிக்க வந்தபோது கைக்குத் தப்பிப் போனார். லூக்காவில் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனவர்களின் நடுவே கடந்து போய்விட்டார். தம் வேளை வராதபோது கிடைத்த கல்லடியையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. தப்பிப் போன அந்த நாட்களில் அவருக்கு அன்பு குறைந்திருந்தது என்று எந்தப் போதகராவது பிரசங்கம் செய்வாரா?

ஆதிச்சபைக்கும் இது தெரியும். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா சபையின் பேராயர் பொலிகார்ப்பு இரத்தசாட்சியாக மரித்ததை அந்தச் சபையார் எழுதிய கடிதத்தில் குவிண்டஸ் என்று ஒருவன் வருகிறான். தானாகப் போய் நின்றான், மற்றவர்களையும் நிற்கத் தூண்டினான். காட்டு மிருகங்களைக் கண்டதும் தொடை நடுங்கி, மறுதலித்துவிட்டு வந்தான். தாங்களாகப் போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. பொலிகார்ப்போ, நண்பர்கள் வற்புறுத்தியதால் முதலில் ஒரு பண்ணைவீட்டுக்குப் போய் ஒதுங்கியிருந்தார். பிடிபட்ட பிறகுதான் அசையாமல் நின்றார்.

சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தரும் உண்டு. 1527-ல் விட்டன்பர்கில் கொள்ளைநோய். ஊரை விட்டு ஓடலாமா என்று கேட்டவர்களுக்குக் கடிதமாகவே பதில் எழுதினார். போதகர், அதிகாரி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர் போகக்கூடாது. பொறுப்பு இல்லாதவர்கள், மற்றவர்களுக்குக் குறை வைக்காமல், தாராளமாகப் போகலாம். இருக்கிறவர்களும் மருந்து சாப்பிடட்டும், வீட்டுக்குப் புகை போடட்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகாமல் இருக்கட்டும். விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு மருந்தை ஒதுக்குகிறவன் தேவனைச் சோதிக்கிறான் என்று திட்டுகிறார். கர்ப்பிணி மனைவியோடு அவர் அங்கேயே இருந்தார். இருந்தவர் எழுதியதால் அந்தக் கடிதத்தின்மேல் எனக்கு நம்பிக்கை.

அக்கா, நீங்கள் போய்ப் பத்திரமாக இருங்கள். அவர் மனந்திரும்புவதாக இருந்தால் உங்கள் கன்னம் இல்லாமலும் திரும்பலாம்.

24 மார்ச், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஏழை விதவை இரண்டு காசைப் போட்டது? தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போட்டாளே, அதை இயேசு மெச்சவில்லையா?" என்று ஒருவர்.

மாற்கு 12-ஐக் கொஞ்சம் முன்னாலிருந்து படியுங்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அவர் உட்காருவதற்கு முந்தின வசனம், வேதபாரகர்கள் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்பது. கதை முடிந்து அடுத்த அதிகாரம் தொடங்கினால், இந்தக் கட்டடம் கல்லின்மேல் கல்லில்லாமல் இடிக்கப்படும் என்கிறார். நடுவில் ஒரு விதவை தன் கடைசிக் காசை அதே கட்டடத்துக்குப் போட்டுவிட்டுப் போகிறாள். மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்றார், உண்மைதான். நீங்களும் இப்படிப் போடுங்கள் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. மெச்சினாரா, வயிறெரிந்தாரா? எனக்கு இரண்டும் கேட்கிறது. காணிக்கை ஞாயிறுகளில் முதலாவது மட்டும் கேட்கும்படி வாசிப்பார்கள்.

24 மார்ச், இரவு

அண்ணன் இதையெல்லாம் படிக்கிறானாம். தொலைபேசியில், "என்னைப் பற்றி எப்போ வரும்?" என்றான். வராது அண்ணா. (வரும்.)

30 மார்ச், இரவு 12.10

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அப்பா படுக்கையில் விழுந்து இரண்டாம் வருஷம் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பெற்றவரைச் சுமப்பது எப்படிச் சிலுவையும் ஆசீர்வாதமுமாக இருக்கிறது என்று நன்றாகவே பேசினேன். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கை கொஞ்சம் மிருதுவாக இருந்தது. மறுநாள் பழையபடி.

ராத்திரி அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, தட்டால் மூடிவிட்டுப் படுப்பேன். வலது கை நன்றாக இருந்தது, அவரே எடுத்துக் குடிக்க முடியும். காலையில் போய்ப் பார்த்தால் தட்டு வைத்தபடி இருக்கும், டம்ளர் நிறைந்தபடி இருக்கும். வயசாகிவிட்டது, தாகம் எடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவேன். மாதக்கணக்கில் இப்படி.

பிறகு நடுக்கலோடு காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமித்தொற்று. டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, தண்ணீரே குடிப்பதில்லையா, சிறுநீரை அடக்கி வைப்பாரா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அப்பா, கோணிய வாயால், "சாயங்காலத்துக்கு மேலே குடிக்கிறதில்லை" என்றார். ஏன் என்றதற்கு டாக்டரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்:

"ராத்திரி எழுப்பினா இவன் பெருமூச்சு விடுவான்."

அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ஒருநாளும் திட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை. கூப்பிட்ட உடனே எழுந்து பாட்டிலைப் பிடித்திருக்கிறேன். எழும்போது ஒரு மூச்சு, அவ்வளவுதான். அந்த மூச்சுக்கு அவர் கொடுத்த விலை தாகம். தியாகம் செய்தவன் என்று சபை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் அவர்.

முதல் கேள்வி கேட்டவரே, வலித்தது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அளவுகோலால் அளந்தால் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

31 மார்ச், காலை

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "நீங்களும் மனுஷன்தானே" என்பது சரிதான். அப்பாவும் மனுஷன்.

9-ம் தேதி மேற்கோள் காட்டிய வசனத்துக்கு ஒரு பின்குறிப்பு. "சுட்டெரிக்கப்படுவதற்கு" என்கிற இடத்தில் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் வேறு சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். "மேன்மைபாராட்டும்படி என் சரீரத்தைக் கொடுத்தாலும்" என்று அர்த்தம் வரும். எது மூலம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு எது பொருந்தும் என்பதில் சந்தேகமில்லை.

6 ஏப்ரல், மாலை

தமியானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு, 1873-ல் ஹவாய்த் தீவுகளில் மொலகாயில் இருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனார், வயது 33. வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். தொட்டுப் பழகினார், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார். அவருக்கும் நோய் வந்து 1889-ல் 49-வது வயதில் இறந்தார். 2009-ல் புனிதர் பட்டம்.

அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1888 நவம்பரில், மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ சகோதரிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தார். மருத்துவமனை நடத்திப் பழகியவர். கை கழுவுவதில் கறார். சுமார் 30 வருஷம் அங்கேயே இருந்தார். அவருக்கும் தொழுநோய் தொற்றவில்லை, கூட இருந்த சகோதரிகளுக்கும் இல்லை. 80 வயதில், 1918-ல், இயற்கையாக இறந்தார். இவருக்கும் 2012-ல் பட்டம் கொடுத்தார்கள். தமியானை எல்லாருக்கும் தெரியும். மரியானை எத்தனை பேருக்குத் தெரியும்? சோப்புப் போட்டுக் கை கழுவியதால் அன்பு குறைந்துவிட்டதா? காயத்தைத் துடைக்கும் கை சுத்தமாக இருப்பதும் அந்த நோயாளிக்குச் செய்கிற மரியாதைதான்.

தமியானைக் குறைக்கவில்லை. அவர் போனபோது அங்கேயே தங்கியிருக்கிற கத்தோலிக்கக் குரு யாரும் இல்லை.

கோல்பே விஷயத்திலும் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. அவர் கொல்லப்பட்டது விசுவாசத்தை வெறுத்தவர்களாலா, அல்லது அவர் அன்பினால் தானாகப் போய்ச் செத்தாரா, அப்படியானால் அவரை இரத்தசாட்சி என்று சொல்லலாமா என்று ரோமில் வாதாடினார்கள். 1982-ல் போப் இரண்டாம் யோவான் பவுல் இரத்தசாட்சி என்றே அறிவித்துவிட்டார். அப்புறம் 2017-ல் போப் பிரான்சிஸ், பிறருக்காக உயிரைத் தருவதைப் புனிதர் பட்டத்துக்குத் தனி வழியாகவே சேர்த்தார். நான் கத்தோலிக்கன் இல்லை, பட்டம் கொடுக்கிற முறையில் எனக்கு வழக்கு உண்டு. ஆனால் "இவரை எந்த அலமாரியில் வைப்பது" என்று ஒரு சபை பல வருஷம் திணறியது எனக்குப் பிடித்திருக்கிறது.

17 ஏப்ரல், பெரிய வியாழன், இரவு

பாதம் கழுவுகிற பகுதி வாசித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கழுவுகிறவரைப் பற்றித்தான் பிரசங்கம். எனக்கு இன்றைக்குப் பேதுருவைவிட்டுக் கண் போகவில்லை. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது." பணிவுபோலத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது? நான் கொடுக்கிற ஆளாக இருந்துகொள்கிறேன், என்னை வாங்குகிற ஆளாக்காதே. கொஞ்ச நேரத்தில் இதே பேதுரு உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன் என்கிறான். காலைக் கொடுக்க மாட்டான், ஜீவனைக் கொடுப்பானாம்.

கயோவ்னிசெக்கை நினைத்துக்கொண்டேன். முகாமிலிருந்து உயிரோடு வந்தார். மனைவி இருந்தார். யாரைச் சொல்லிக் கதறினாரோ அந்த மகன்கள் இரண்டு பேரும் 1945 குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். 1982-ல் ரோமில் பட்டம் கொடுத்த அன்று கூட்டத்தில் இருந்தார். 93 வயதில், 1995-ல் இறந்தார். போகிற இடமெல்லாம் கோல்பேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 53 வருஷம் ஒவ்வொரு காலையிலும் இன்னொருவர் வாங்கித் தந்த நாளில் கண் விழிப்பது எப்படி இருந்திருக்கும்? "இதற்கு நான் தகுதியா" என்று கேட்டு மாளுமா? கோல்பே செய்ததற்கு இரண்டு வாரம் பிடித்தது. வாங்கிக்கொண்டவருக்கு ஆயுள் பூராவும்.

18 ஏப்ரல், மாலை 4

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து வந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது: "தாகமாயிருக்கிறேன்."

இத்தனை வருஷம் இதைத் துன்பத்தின் உச்சம் என்றே கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டது. முன்னால் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்தபோது ஏற்றுக்கொள்ளாதவர், இப்போது வாய்விட்டுக் கேட்கிறார். கீழே நின்றவர்களிடம். உலகத்துக்காகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இன்னொருவன் கையிலிருந்து காடியை வாங்கிக்கொள்கிறார். அதற்குச் சற்று முன்புதான் "அதோ, உன் தாய்" என்று அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தார். தம்முடைய பலிக்கு அம்மா விலை கொடுத்துக் கிடக்கட்டும் என்று விடவில்லை.

என் அப்பா ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரிந்த விஷயம். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது பாதியில் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

19 ஏப்ரல்

அண்ணன் கூப்பிட்டான். 30-ம் தேதி குறிப்பைப் படித்தானாம். "நான் வந்திருந்தா நானும் பெருமூச்சுதான் விட்டிருப்பேன். அதனாலதான் வரலை" என்றான். இது நியாயமா சாக்கா என்று தெரியவில்லை. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

26 ஏப்ரல், இரவு 10

"கணக்கு என்று அடிக்கடி சொல்கிறீர்களே, நிஜமாகவே எழுதி வைத்திருந்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நிஜமாகவே. நோட்டு மூன்று. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தோம், எத்தனை தடவை பாட்டில் பிடித்தோம். டாக்டருக்காகத் தொடங்கியது. கடைசிப் பக்கத்தில் அண்ணன் வந்துபோன தேதிகள், நான் எனக்காக எழுதியது. மூன்று வருஷத்தில் நாலு தேதி. யார் கேட்டாலும் காட்டலாம் என்று வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று. கிழித்தும்விட்டேன். அப்புறம் சும்மா புரட்டினேன்.

இரண்டாம் நோட்டில் ராத்திரிப் பதிவுகள். என் கையெழுத்து சாய்ந்து போகும், அவளுடையது உருண்டையாக இருக்கும். 1.40, பாட்டில், உருண்டை. 3.15, புரட்டியது, உருண்டை. நான் தூங்குகிற நேரமெல்லாம் உருண்டை. ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 31 இரவில் 19 அவளுடையது. நம்பாமல் அடுத்த மாதத்தையும் எண்ண உட்கார்ந்தேன்.

விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னும் எண்ணி முடிக்கலையா?" என்றாள். கையில் தண்ணீர் டம்ளர். மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.